கையை விட்டு ஓட்டும் பஸ் நமக்கு எதற்கு?



அடிலெய்டு நகரத்தில் டிரைவர் ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுத்துவிட்டு பஸ் ஓட்டும் வீடியோவை இந்த வாரம் ஐந்தாறு பேர் அனுப்பிவிட்டீர்கள். "சார், நம்ம ஈ.சி.ஆரிலும் இதைப் போட்டால் மரக்காணம் எங்கேயோ போய்விடும்" என்கிறார் ஒருவர். எங்கேயும் போகாது தம்பி. ஏன் என்று சொல்கிறேன்.

அதில் மாயம் எதுவும் இல்லை. முன்சக்கரங்களை ஒட்டி இருபுறமும் படுக்கைவாட்டில் ஒரு சின்ன ரப்பர் சக்கரம். அதை ஸ்டீயரிங் அமைப்போடு இரும்புக் கையால் பிணைத்திருப்பார்கள். பாதையின் இரு ஓரத்திலும் சுமார் 18 செ.மீ. உயரத்தில் கான்கிரீட் விளிம்பு. விளிம்பு வளைந்தால் சின்ன சக்கரம் தள்ளப்படும், அது முன்சக்கரத்தைத் திருப்பும். டிரைவருக்கு வேகமும் பிரேக்கும்தான் வேலை. சாதாரண சாலையில் ஒரு தடத்துக்கு 3.5 மீட்டர் என்றால் இதற்கு சுமார் 2.6 மீட்டர் போதும்.

1986-ல் அங்கே திறந்தார்கள். ஆற்றங்கரையில் இளகிய மண், குறுகிய இடம். அதனால் தூண் இறக்கி மேலே கான்கிரீட் பாதை வைத்தார்கள். அவர்களுக்குப் பொருந்தியது, ஒத்துக்கொள்கிறேன்.

நம் மண் என்ன? ஒரு பக்கம் உப்பளம், பக்கத்திலேயே கழுவெளி. உப்புக் காற்றிலும் உப்புத் தண்ணீரிலும் உள்ள குளோரைடு கான்கிரீட்டுக்குள் இறங்கிக் கம்பியைத் தொட்டால் துரு பிடிக்கும். துரு இரும்பைவிட அதிக இடம் அடைக்கும், கான்கிரீட் பிளக்கும். சாதாரண சாலை உடைந்தால் பஸ் குலுங்கும், டிரைவர் ஒதுக்கி ஓட்டுவார். இந்தப் பாதையில் விளிம்புதான் ஸ்டீயரிங். அது உடைந்தால்?

அடுத்தது, ஊர் ஒரு பக்கம், வேலை மறுபக்கம் என்று சாலையைக் குறுக்கே கடந்து பிழைக்கும் ஜனங்கள் நாம். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் 2011-ல் இப்படி ஒரு பாதை திறந்தார்கள். அதில் பஸ் மோதி மூன்று பேர் இறந்தார்கள். 2025-ல் அந்தக் கவுண்டி கவுன்சிலுக்கு 60 லட்சம் பவுண்டு அபராதம். சட்டத்துக்கு அஞ்சும் ஊரிலேயே இந்தக் கதி.

"பஸ்ஸுக்கென்று கோடு மட்டும் போட்டால் கார்க்காரன் உள்ளே புகுந்துவிடுவானே" என்பீர்கள். நியாயமான கேள்வி. டெல்லியில் 2008-ல் திறந்த பஸ் தடத்தை 2016-ல் இடித்தே விட்டார்கள். ஆனால் அகமதாபாத்தில் 2009 முதல் தனித் தடத்தில் பஸ் ஓடுகிறது. அங்கே கம்பித் தடுப்பு உண்டு, மேடையுள்ள நிறுத்தம் உண்டு, வழிகாட்டும் சக்கரம் கிடையாது. காரைத் தடுக்க நிர்வாகத்துக்கு மனசு வேண்டும், அதை ரப்பர் சக்கரம் தராது.

நமக்கு ரயில் இல்லை, பஸ்தான் கதி. விடிவதற்கு முன்பே உப்பளத்துக்குப் போகும் பெண்களுக்கு, கைகாட்டினால் நிற்கிற பஸ் வேண்டும். நிழலும் விளக்கும் உள்ள நிறுத்தம் வேண்டும். நான்கு வழியாக அகலமாகும் சாலையைப் பயமில்லாமல் கடக்க வழி வேண்டும்.

வீடியோ அனுப்பிய கையால் கலெக்டருக்கு இந்த மூன்றையும் கேட்டு ஒரு மனு எழுதுங்கள். பிழை திருத்தித் தர நான் இருக்கிறேன்.