ஒரு மாதம் வெளிநாட்டில்: எந்த ஊர் நமக்கு ஒத்து வரும்?

பாளையங்கோட்டையிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். இரண்டு குழந்தைகள். பெரியவனுக்கு ஒன்பது வயது, மூச்சிரைப்பு உண்டு. சின்னவளுக்கு நாலு. கணவருக்குச் சேர்ந்து கிடக்கும் லீவு ஒரு மாதம். "ஆயுசில் ஒரு தடவை வெளிநாட்டில் ஒரு மாசம் தங்கிவிட்டு வரலாம் என்கிறார் இவர். சீட்டு எடுத்த பணம் இரண்டரை லட்சம் கையில் இருக்கிறது. நாத்தனார் சிங்கப்பூர் என்கிறார், கொழுந்தனார் துபாய் என்கிறார். கூட்டமும் இல்லாமல், கையையும் கடிக்காமல், பிள்ளைக்கும் ஒத்துக்கொள்கிற மாதிரி ஓர் ஊர் உண்டா? எனக்கும் கொஞ்சம் ஓய்வு வேண்டும்" என்று கேட்டிருக்கிறார்.

அந்தக் கடைசி வரியைத்தான் நான் முதலில் எடுத்துக்கொள்கிறேன். நாலு நாள் சுற்றுலா வேறு, ஒரு மாத வாசம் வேறு. நாலு நாள் என்றால் ஓட்டலில் சாப்பிட்டுவிட்டு ஊர் பார்த்து வந்துவிடலாம். ஒரு மாதம் என்றால் அங்கேயும் துணி துவைக்க வேண்டும், குழந்தைக்குக் கஞ்சி வைக்க வேண்டும், மத்தியானம் என்ன சமையல் என்று யோசிக்க வேண்டும். மகன் வீட்டுக்கு வெளிநாடு போய்வந்த ஒரு மாமியை, "நல்லா ரெஸ்ட் எடுத்தீங்களா மாமி?" என்று கேட்டேன். "ரெஸ்டா! இங்கே கேஸ் அடுப்பு, அங்கே கரண்ட் அடுப்பு. அவ்வளவுதாண்டி வித்தியாசம்!" என்றார். ஆகவே ஊரைத் தேர்ந்தெடுக்கும்போது, வாடகை எவ்வளவு என்று மட்டும் பார்க்காதீர்கள். நடக்கிற தூரத்தில் நம் வயிற்றுக்கு ஒத்துக்கொள்கிற சாப்பாடு, கட்டுப்படியாகிற விலையில், மூன்று வேளையும் கிடைக்குமா என்று பாருங்கள். கிடைக்காத ஊரில் மிச்சமாகும் பணமெல்லாம் வீட்டுக்காரியின் இடுப்பொடிந்து மிச்சமாகிற பணம்தான்.

சிங்கப்பூர் அழகான ஊர், சுத்தமான ஊர், சந்தேகமே இல்லை. ஆனால் நாலு பேர் ஒரு மாதம் அறை எடுத்துத் தங்க இரண்டரை லட்சம் காணாது. துபாய் கோடை விடுமுறைக்கு ஏற்றதே இல்லை. மே மாதம் பிறந்தாலே வெயில் நாற்பது டிகிரியைத் தொடும், குழந்தைகளை நாள் முழுக்க ஏ.சி. அறைக்குள்ளேயே அடைத்து வைக்க வேண்டிவரும். அதற்குப் பாளையங்கோட்டையே தேவலாம்!

என் யோசனை மலேசியா. அங்கேயும் கோலாலம்பூர் வேண்டாம். பெரிய நகரத்து நெரிசலும் செலவும் அங்கே உண்டு. பினாங்கு? ஜார்ஜ் டவுன் நகரம் 2008-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. பார்க்க வேண்டிய இடம், சாப்பிட வேண்டிய இடம். ஆனால் சனி ஞாயிறில் நடைபாதையில் கால் வைக்க இடமிராது. கேமரன் மலைக்கும் விடுமுறை நாளில் வண்டிகள் எறும்பு ஊர்கிற மாதிரிதான் ஏறும். ஈப்போ கொஞ்சம் நிதானமான ஊர், அதுவும் பெரிதுதான். இவற்றுக்கு நடுவே, ஈப்போவுக்கும் பினாங்குக்கும் இடையில், ரயில் நின்று போகிற ஓர் ஊர் இருக்கிறது. பெயர் தைப்பிங்.

பேராக் மாநிலத்து ஊர் இது. ஒரு காலத்தில் ஈயம் தோண்டுவதற்காகச் சீனக் கூட்டத்தார் இரு கட்சியாக வெட்டிக்கொண்டு மாண்ட பூமி. சண்டை 1874-ல் ஓய்ந்த பிறகு, நிலைத்த அமைதி என்று பொருள்படும் சீனப் பெயரை வைத்தார்கள். 1937 வரை மாநிலத்தின் தலைநகரமாக இருந்தது. பிறகு அந்தப் பதவி ஈப்போவுக்குப் போய்விட்டது. பதவி போனதும் ஒரு விதத்தில் நல்லதாயிற்று. வானளாவிய கட்டிடங்கள் எழும்பவில்லை, பழைய கடைத்தெருக்கள் அப்படியே நிற்கின்றன, ஊரும் அமைதியாக இருக்கிறது.

ஈயம் தோண்டிய பள்ளங்களில் தண்ணீர் நின்று குளங்களாயின. அவற்றையே 1880-ல் பூங்காவாக ஆக்கினார்கள். ஏரிப் பூங்கா என்பது அதுதான். கரையோரத்துத் தூங்குமூஞ்சி மரங்கள் சாலைக்கு மேலே கிளை நீட்டித் தண்ணீரைத் தொடுகின்றன. காலையில் வயதானவர்கள் கைவீசி நடப்பார்கள். குழந்தைகள் ஓட இடம் இருக்கிறது, நுழைவுச் சீட்டும் கிடையாது. பக்கத்திலேயே 1961-ல் தொடங்கிய மிருகக்காட்சி சாலை. 1883-ல் தொடங்கிய பேராக் அருங்காட்சியகம், அந்த நாட்டிலேயே பழமையானது. மழை பெய்து வெளியே போக முடியாத மத்தியானத்துக்கு ஏற்றது. ஒரு மாதம் தங்குகிறவர்களுக்குத் தினமும் புதுசு புதுசாகப் பார்க்க எதுவும் தேவையில்லை. தினமும் போகிற மாதிரி ஒரு பூங்கா இருந்தால் போதும். நாலு வயதுக் குழந்தைக்கு அதே ஊஞ்சல், அதே வாத்து என்றால்தான் சந்தோஷம்!

தமிழருக்கும் இந்த ஊருக்கும் பழைய பந்தம். மலாயாவின் முதல் ரயில் 1885 ஜூன் 1-ந் தேதி தைப்பிங்கிலிருந்து கடலோரத்துப் போர்ட் வெல்டுக்குத்தான் ஓடியது. அந்த ரயில் வேலைகளுக்கு இலங்கையிலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் போனவர்களின் பேரன் பேத்திகள் இன்றும் அந்த வட்டாரத்தில் இருக்கிறார்கள். மாரியம்மன் கோயிலும் முருகன் கோயிலும் உண்டு. ரேடியோவைத் திருப்பினால் தமிழ் கேட்கும். 'பிள்ளைக்கு ராத்திரியில் மூச்சு வாங்குகிறது, டாக்டர் எங்கே இருக்கிறார்?' என்று நம் பாஷையில் கேட்க ஓர் ஆள் இருப்பது எத்தனை தைரியம் என்று தாய்மார்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

சாப்பாட்டுக்கு வருவோம். தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் கடைகளை அங்கே மாமாக் கடை என்பார்கள். தோசையும் ரொட்டி சானாயும் காலையிலிருந்து இரவு வரை கிடைக்கும். வாழையிலைச் சாப்பாட்டுக் கடைகளும் உண்டு. சைவக்காரர்கள் ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். அங்கே சம்பல் என்றால் பெரும்பாலும் 'பெலாச்சான்' என்ற இறால் விழுது சேர்ந்திருக்கும். தேங்காய்ப்பால் சோற்றின் மேல் நெத்திலி கிடக்கும். காய்கறிதானே என்று நினைத்து வாங்கினால் கீரை வதக்கலிலும் அது இருக்கும். கேட்டு வாங்குங்கள். இன்னொன்று, சர்க்கரை. தேநீர், காப்பி, குழந்தைகள் ஆசைப்படும் ஐஸ் பானம் எல்லாவற்றிலும் கெட்டிப்பாலையும் சீனியையும் தாராளமாகவே ஊற்றுவார்கள். 'குராங் மானிஸ்' என்று சொன்னால் இனிப்பைக் குறைத்துத் தருவார்கள். மலாய் மொழியில் வேறெதுவும் தெரியாவிட்டாலும் இந்த இரண்டு வார்த்தையைக் கற்றுக்கொண்டு போங்கள். குழாய்த் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிப்பதே நல்லது.

சரி, கணக்கு. ஒரு ரிங்கிட்டுக்கு 22 ரூபாய் என்று வைத்துக்கொண்டு ஓர் உத்தேசம் போடுவோம். மாறுகிற விலை, போகிற வாரத்தில் பாங்கியில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். திருச்சியிலிருந்தும் சென்னையிலிருந்தும் கோலாலம்பூருக்கு நேர் விமானம் உண்டு. 2024 டிசம்பரில் சென்னையிலிருந்து பினாங்குக்கே நேர் விமானம் விட்டார்கள். உங்கள் தேதிக்கு இருந்தால் அது சௌகரியம். நாலு டிக்கெட்டுக்கு ஒரு லட்சம் ஒதுக்குங்கள். மூன்று மாதம் முன்பே வாங்கினால் இதில் மிஞ்சும். சாப்பாட்டுக்கு ஒரு நாளைக்கு 60 ரிங்கிட் என்றால் 28 நாளைக்கு 1,680 ரிங்கிட், அதாவது சுமார் 37,000 ரூபாய். வாடகைக்கு ஐம்பதாயிரம். மீதியில் ரயில், டாக்ஸி, காப்பீடு, கைச்செலவு போகப் பத்து இருபதாயிரத்தைத் தொடாமல் வைத்துக்கொள்ளுங்கள். நாள் வாடகைக்கு வீடு பிடிக்காதீர்கள். முதல் மூன்று இரவுக்கு மட்டும் அறை பதிவு செய்துகொண்டு போய், நேரில் பார்த்து, மாதத்துக்கு என்ன தருவது என்று பேசுங்கள். குளிர்பதனக் கரண்ட் வாடகையில் சேர்த்தியா, துணி துவைக்கும் மெஷின் உண்டா, பூங்காவும் சாப்பாட்டுக் கடையும் நடக்கிற தூரமா, இந்த மூன்றும் முக்கியம். ஓட்டலில் தங்கினால் வெளிநாட்டார் அறைக்கு, ஒரு இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி என்று 2017-ல் கொண்டுவந்தார்கள். 28 இரவுக்கு 280 ரிங்கிட், ஆறாயிரம் ரூபாய் ஆகிவிடும்! வாடகையில் அது சேர்ந்ததா, தனியா என்று முன்கூட்டியே கேளுங்கள்.

ஏன் 28 நாள் என்கிறேன் என்றால், இந்தியர்களுக்கு விசா இல்லாமல் 30 நாள் தங்க 2023 டிசம்பர் 1 முதல் மலேசியா அனுமதித்தது. 2026 டிசம்பர் 31 வரை அந்தச் சலுகை என்று அறிவிப்பு. நீங்கள் போகிற தேதிக்கு அது உண்டா என்று பார்த்த பிறகே டிக்கெட் வாங்க வேண்டும். பிள்ளைக்குக் காய்ச்சல், விமானம் ரத்து என்று ஏதாவது ஒன்று வந்தால் கையில் இரண்டு நாள் இருக்கட்டும். கெடு தாண்டித் தங்குவது அங்கே குற்றம். வந்து இறங்குவதற்கு முந்தின மூன்று நாளுக்குள் வருகை அட்டையைக் கம்ப்யூட்டரிலோ கைபேசியிலோ நிரப்ப வேண்டும், குழந்தைகளுக்கும் தனித்தனியாக. பாஸ்போர்ட்டில் ஆறு மாதத் தவணை பாக்கி இருக்க வேண்டும். "அங்கே உட்கார்ந்துகொண்டே ஆபீஸ் வேலையும் பார்க்கலாமே" என்று சில கணவன்மார்கள் யோசிப்பார்கள். சுற்றுலாவுக்கு வருகிறவர் அனுமதி வேலைக்கான அனுமதி அல்ல. அதற்கென்று 2022-ல் 'டிஇ ரந்தாவ்' என்ற தனித் திட்டம் வந்தது. மூன்று மாதம் முதல் ஒரு வருஷம் வரை தங்கலாம், குடும்பமும் கூட வரலாம், ஆனால் வருமானத்துக்கு வரம்பு உண்டு. ஒரு மாத லீவை லீவாகவே கழிப்பது எல்லாருக்கும் நல்லது, என்ன சொல்கிறீர்கள்?

பெட்டி கட்டும்போது: மலேசியாவில் பிளக் பாயிண்ட் சதுரக் கட்டை மூன்று முள். நம் உருண்டை முள் நுழையாது. ஓர் இணைப்பான் வாங்கிக்கொள்ளுங்கள். சிங்கப்பூர் வழியாகப் போகிறவர்கள் மசாலா டப்பாவில் கசகசா வைக்காதீர்கள். அங்கே அது தடை செய்யப்பட்ட பொருள்.

இப்போது அந்தப் பையனின் மூச்சிரைப்பு. சில வருஷங்களில் ஜூலை முதல் அக்டோபர் வரை சுமத்ராவில் காட்டையும் சருகையும் எரிக்கிற புகை கடல் தாண்டி மலேசியாவை மூடிக்கொள்கிறது. 2015-லும் 2019-லும் பள்ளிக்கூடங்களை மூடும் அளவுக்கு இருந்தது. நெஞ்சு பலவீனமான குழந்தையுடன் அந்த மாதங்களில் போக வேண்டாம். நம் ஏப்ரல், மே விடுமுறையில் புகைப் பயம் குறைவு, ஆனால் மழை அதிகம். தைப்பிங் அந்த நாட்டிலேயே மழைக்குப் பேர்போன ஊர். வருஷத்துக்குச் சுமார் 4,000 மில்லிமீட்டர், சென்னையில் பெய்வதுபோல் இரண்டு மடங்குக்கு மேல். இன்றைக்கு எத்தனை மணிக்கு மழை வரும் என்று அந்தக் காலத்தில் பந்தயம் கட்டுவார்களாம்! பெரும்பாலும் பிற்பகலில் இடியோடு கொட்டிவிட்டு ஓய்ந்துவிடும். காலையில் பூங்கா, மத்தியானம் தூக்கம், மழை விட்டதும் கடைத்தெரு என்று வைத்துக்கொண்டால் தொந்தரவில்லை. ஈரச்சுவரும் பூஞ்சைக் காளானும்தான் இழுப்புக்கு விரோதி. வீடு பார்க்கும்போது அலமாரியைத் திறந்து முகர்ந்து பாருங்கள். முக்கல் வாடை வந்தால், வாடகை எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.

மழை ஊர் என்றால் கொசுவும் உண்டு, டெங்கும் உண்டு. இது பகலில் கடிக்கிற கொசு. பூங்காவுக்குப் போகும்போது முழுக்கைச் சட்டை, கொசு மருந்து அவசியம். மலையடிவாரத்து ஓடைகளில் குளிக்க ஆசைப்படுவார்கள். மேலே மழை பெய்தால் கீழே வெயிலடிக்கும்போதே திடீரென்று வெள்ளம் வரும். மேகம் கறுத்தால் கரையேறிவிட வேண்டும். லாருத் மலை என்று ஒரு குளிர் மலை பக்கத்தில் இருக்கிறது. மண்சரிவால் அதன் பாதை மூடிக் கிடந்த காலம் உண்டு, ஆகவே விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள்.

உறிஞ்சு மருந்து இரண்டு மாத அளவும், டாக்டர் சீட்டு ஒரிஜினலும் கைப்பையில் இருக்க வேண்டும், சரக்குப் பெட்டியில் அல்ல. இங்கே வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடம், இழுப்பு அதிகமானால் முதலில் எதை, எத்தனை தடவை கொடுக்க வேண்டும், எந்தக் கட்டத்தில் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி வாங்குங்கள், ஆங்கிலத்தில். மலேசியாவில் தெருவுக்குத் தெரு உள்ள தனியார் கிளினிக்குகளில் டாக்டரே மருந்தும் கொடுத்துவிடுவார். தைப்பிங்கில் பெரிய அரசு ஆஸ்பத்திரியும் இருக்கிறது. வெளிநாட்டாருக்கு அங்கே தனிக் கட்டணம், அதனால் காப்பீடு எடுக்காமல் கிளம்பாதீர்கள். காப்பீட்டு விண்ணப்பத்தில் மூச்சிரைப்பை மறைக்காமல் எழுதுங்கள். முன்பே உள்ள நோய்க்குப் பணம் தருவார்களா என்பதை எழுத்தில் கேட்டு, பதில் வந்த பிறகு பிரீமியம் கட்டுங்கள்.

போய் இறங்கின முதல் நாளே அந்த ஆஸ்பத்திரிக்கு வீட்டிலிருந்து எத்தனை நிமிஷம், ராத்திரி பத்து மணிக்கு மேல் டாக்ஸி கிடைக்குமா என்று பக்கத்து வீட்டு அக்காவிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். தமிழிலேயே கேட்கலாம்.