கிரைண்டருக்குள் காரீயம்: ஐரோப்பா கேட்கும் கணக்கு

கோயம்புத்தூர் வெட் கிரைண்டர் புவிசார் குறியீடு பெற்ற பொருள். ஆனால், அது ஐரோப்பாவுக்குப் போக வேண்டுமானால், மாவை நன்றாக அரைத்தால் மட்டும் போதாது. உள்ளே இருக்கும் ஒயர், சுவிட்சு, சால்டர் எல்லாம் எந்தச் சரக்கால் ஆனவை என்றும் கணக்குச் சொல்ல வேண்டும்.

கோவை வட்டாரத்தில் தயாராகும் பெரும்பாலான மின்பொருள்களுக்கும் இதே சட்டம்தான்.

முத்திரை போடுவது யார்?

ஐரோப்பிய யூனியனில் 27 நாடுகள் இருக்கின்றன. அங்கே விற்கும் மின்பொருளில் ‘சி.இ.’ என்ற முத்திரை இருக்க வேண்டும்.

இதை ஏதோ ஓர் ஐரோப்பிய ஆபீஸ் கொடுக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி அல்ல. பெரும்பாலான மின்பொருள்களுக்கு, தயாரித்தவரே சோதனை நடத்தி, கையெழுத்துப் போட்டு, முத்திரையையும் பதிக்கிறார்.

அதனால் பொறுப்பு முழுவதும் அவர் தலையில் விழுகிறது. “ஷாக் அடிக்காது, ரேடியோவைக் கெடுக்காது, விஷப் பொருள் இல்லை” என்பதற்கு அவரிடம் அத்தாட்சி இருக்க வேண்டும். அந்தத் தாள்களை 10 ஆண்டுகள் காப்பாற்றி வைக்க வேண்டும்.

கிலோவுக்கு 1 கிராம்!

விஷப் பொருள் சட்டம் 1-7-2006 முதல் அமலில் இருக்கிறது. காரீயம், பாதரசம் போன்றவை 1 கிலோவுக்கு 1 கிராமுக்கு மேல் கூடாது. காட்மியம் அதில் பத்தில் ஒரு பங்குதான். ஒயர் உறையை வளையச் செய்யும் 4 ரசாயனங்களும் 22-7-2019 முதல் இந்தக் கணக்கில் சேர்ந்தன.

(ரசம் வைக்கும் ஈயச் சொம்பு வெள்ளீயம். அது வேறு. இங்கே சொல்வது காரீயம்.)

“கிரைண்டரோ பத்து கிலோ. அதில் துளி காரீயம் இருந்தால் என்ன?” என்று கேட்க முடியாது. சால்டரைத் தனியாகப் பார்ப்பார்கள். ஒயர் உறையைத் தனியாகப் பார்ப்பார்கள். பழைய ரகச் சால்டர் 1 கிலோவில் சுமார் 370 கிராம் காரீயம் இருக்கும்!

2001-ல் சோனி கம்பெனியின் விளையாட்டுப் பெட்டிகளை நெதர்லாந்து அதிகாரிகள் நிறுத்திவிட்டார்கள். எண்ணிக்கை சுமார் 13 லட்சம். ஒயரில் காட்மியம் இருந்ததுதான் காரணம். குற்றம் சிறிய ஒயரில். நின்றது முழுச் சரக்கு.

சிறு பட்டறையின் பாடு

கோவையில் ஒரே கூரையின் கீழ் எல்லாம் தயாராவதில்லை. ஒருவர் மோட்டார் சுற்றுகிறார். ஒருவர் ஒயர் கொடுக்கிறார். இன்னொருவர் சர்க்யூட் போர்டில் சால்டர் வைக்கிறார்.

காரீயம் கலந்த பழைய சால்டர் 183 டிகிரியில் உருகும். காரீயம் இல்லாத புதிய ரகத்துக்கு சுமார் 217 டிகிரி வேண்டும். விலையும் அதிகம். உள்ளூர் வேலைக்கும் ஏற்றுமதி வேலைக்கும் ஒரே சால்டர் சட்டியைப் பயன்படுத்தினால் இரண்டும் கலந்துவிடும். தனிச் சட்டி வேண்டும். தனி மேஜை வேண்டும்.

இந்தச் செலவு யாருடையது? ஆர்டர் கொடுப்பவர், “விஷப் பொருள் இல்லை” என்று பட்டறைக்காரரிடம் கையெழுத்து மட்டும் வாங்கினால் போதுமா? கையெழுத்தால் காரீயம் மறைந்துவிடாது. சோதனைச் செலவில் ஆர்டர் கொடுப்பவரும் பங்கு ஏற்பதுதான் நியாயம். முத்திரை அவருடையது அல்லவா?

திருப்பூர் கண்ட வழி

கொங்கு நாட்டுக்கு இது புதிது அல்ல. 1994-ல் ஜெர்மனி சில அசோ சாயங்களுக்குத் தடை போட்டது. திருப்பூரின் சாயப்பட்டறைகள் கலங்கின. பிறகு சாயத்தை மாற்றின. பனியன் ஏற்றுமதி தொடர்ந்தது. 1997-ல் இந்தியாவும் அத்தகைய சாயங்களைத் தடை செய்தது.

மின்பொருளிலும் அதுவே நடந்திருக்கிறது. இந்தியாவின் மின்கழிவு விதிகள், பட்டியலில் உள்ள பொருள்களுக்குக் காரீயத்துக்கு இதே அளவைத்தான் வைத்திருக்கின்றன. புதிய விதிகள் 1-4-2023 முதல் அமலில் உள்ளன.

காரீயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். அது ஐரோப்பாவுக்குப் போகும் முன்னே, சால்டர் வைப்பவரின் கையிலும் சட்டையிலும் ஒட்டி அவர் வீட்டுக்குப் போகிறது. ஆகவே, பட்டறையில் தனிச் சட்டி வைப்பதும், வேலை முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, சட்டையை மாற்றுவதும் வெளிநாட்டுக்காரருக்காக மட்டும் அல்ல. நம் வீட்டுப் பிள்ளைகளுக்காகவும்தான்.