அரிசியைக் குறைத்தும் சர்க்கரை குறையவில்லையே, ஏன்?

"சோத்தை விட்டு நாலு மாசம் ஆச்சு சார். காலையில வெறும் வயித்துல பார்த்தா 150-க்குக் கீழ இறங்க மாட்டேங்குது. உங்க மாப்பிள்ளைச் சம்பா சாப்பிட்டா இறங்குமா?"

வாரச் சந்தையில் அரிசியும் சிறுதானியமும் விற்கும் நம்மில் பலர் இந்தக் கேள்வியைக் கேட்டிருப்போம். "இறங்கும்" என்று சொன்னால் ரெண்டு கிலோ கூடுதலாக விற்கும். ஆனால் அப்படிச் சொல்லக் கூடாது என்பதே என் கருத்து. சர்க்கரையோடு பதினைந்து வருஷமாகக் குடித்தனம் நடத்துகிறவன் என்ற முறையில் காரணத்தைச் சொல்கிறேன்.

நம் உடம்பில் ஓடும் ரத்தம் சுமார் 5 லிட்டர். சர்க்கரை அளவு 100 என்றால், அத்தனை ரத்தத்திலும் கரைந்திருப்பது வெறும் 5 கிராம், ஒரு டீஸ்பூன். ஆனால் மூளைக்கு மட்டும் ஒரு நாளைக்கு 100 கிராமுக்கு மேல் குளுக்கோஸ் வேண்டும். ராத்திரி எட்டு மணிக்குச் சாப்பிட்டுவிட்டு விடியும்வரை பட்டினி கிடக்கிறோமே, அப்போது அதற்கு யார் படியளப்பது? கல்லீரல்தான். தன்னிடம் சேமித்து வைத்திருப்பதை முதலில் எடுத்துக் கொடுக்கும். போதாவிட்டால் புரதத்திலிருந்தும் கொழுப்பின் ஒரு பகுதியிலிருந்தும் புதிதாகச் சர்க்கரை தயாரிக்கும்.

வங்கிக்காரன் பாஷையில் சொன்னால், கவுண்டரில் கட்டுகிற பணத்தை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால் அன்றைய கணக்கு நேராகாது. உள்ளே பெட்டகத்திலிருந்தும் பணம் வெளியே வருகிறது.

'போதும், நிறுத்து' என்று கல்லீரலுக்குச் சொல்வது இன்சுலின். சர்க்கரை நோயில், அதிலும் கல்லீரலில் கொழுப்பு படிந்தவர்களுக்கு, அந்தச் சொல் சரியாக எடுபடுவதில்லை. போதாக்குறைக்கு, விடியற்காலையில் நம்மை எழுப்பத் தயாராகும் கார்டிசால் போன்ற ஹார்மோன்கள் கல்லீரலை இன்னும் முடுக்கிவிடுகின்றன. ராத்திரி வெறும் சுண்டலும் கீரையும் சாப்பிட்டவருக்கும் காலையில் அளவு ஏறியிருப்பது இதனால்தான். பலரும் விழுங்கும் மெட்ஃபார்மின் மாத்திரையின் முக்கிய வேலையே கல்லீரலின் இந்த உற்பத்தியைக் குறைப்பதுதான். அரிசியை விட்டாச்சு, இனி மாத்திரை எதற்கு என்று நிறுத்துகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

வேறு காரணங்களும் உண்டு. தூக்கம் கெட்டால் ஏறும். கடன் கவலை, வீட்டுச் சண்டை என்றாலும் ஏறும். ஆறாத கால் புண், ஈறு வீக்கம், சிறுநீர்த் தொற்று இருந்தால் ஏறும். மூட்டு வலிக்கும் மூச்சிரைப்புக்கும் தரும் ஸ்டீராய்டு மருந்தால் நன்றாகவே ஏறும். சிலருக்குக் கணையமே இன்சுலின் சுரப்பதைக் குறைத்திருக்கும். சாப்பாட்டைக் குறைத்தும் சர்க்கரை ஏறி, உடம்பும் இளைத்துக்கொண்டே போனால் அதைப் பத்தியத்தின் வெற்றி என்று நினைக்காமல் உடனே மருத்துவரைப் பாருங்கள்.

நம் சரக்கைப் பற்றியும் நேர்மையாகப் பேசுவோம். 100 கிராம் தீட்டிய பச்சரிசியில் மாவுச்சத்து சுமார் 78 கிராம். கேழ்வரகு, சாமை, வரகில் 65 முதல் 67 கிராம். வித்தியாசம் இருக்கிறது, ஆனால் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் இல்லை. சிறுதானியத்தின் பலம் அதன் நார்ச்சத்திலும் முழுமணியாகச் சமைப்பதிலும் இருக்கிறது. அதையே நைஸாக அரைத்துக் கஞ்சியாகக் காய்ச்சி ரெண்டு டம்ளர் குடித்தால் சர்க்கரை சர்ரென்று ஏறும். 'சிறுதானியம்தானே' என்று நாலு தோசை கூடப் போட்டுக்கொண்டாலும் அதே கதைதான்.

இன்னொரு செய்தி நமக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்டது. மதுரை காமராசர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிக்கொல்லியைச் சிறிய அளவில் நீண்ட நாள் கொடுத்த எலிகளுக்குச் சர்க்கரை ஏறியது. குடலில் உள்ள நுண்ணுயிர்கள் அந்த நஞ்சை உடைக்கும்போது உண்டாகும் பொருளைக் கொண்டு கல்லீரல் புதிதாகச் சர்க்கரை தயாரிக்கிறது என்று விளக்கினார்கள். கிராமத்து மக்களிடமும் இவ்வகை நஞ்சுகளுக்கும் சர்க்கரை நோய்க்கும் தொடர்பு தென்பட்டது. நஞ்சில்லா வேளாண்மைக்கு இது வலுவான நியாயம். ஆனால் இதிலிருந்து 'இயற்கை அரிசி சாப்பிட்டால் வந்த சர்க்கரை போய்விடும்' என்ற முடிவுக்குத் தாவ முடியாது. ஆய்வு அப்படிச் சொல்லவில்லை.

அப்படியென்றால் வாடிக்கையாளருக்கு என்ன சொல்வது? அளவாகச் சாப்பிடுங்கள், பருப்பும் காய்கறியும் கூட்டுங்கள். சாப்பிட்டதும் கால் மணி நேரம் நடங்கள். வேலை செய்யும் தசை, இன்சுலின் பெரிதாக உதவாவிட்டாலும் ரத்தத்துச் சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். காலை வெறும் வயிற்று அளவை மட்டும் பார்த்துக் கலங்காமல், மூன்று மாதச் சராசரி காட்டும் ஹெச்பிஏ1சி பாருங்கள். இன்சுலினோ மாத்திரையோ எடுக்கிறவர்கள் சாப்பாட்டைத் திடீரென்று குறைத்தால் சர்க்கரை அபாயமாகக் கீழே இறங்கவும் கூடும். அதனால் மருத்துவரிடம் சொல்லிவிட்டுக் குறையுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

இதைச் சொன்னால் வியாபாரம் படுத்துவிடாது. 2023-இல் வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வின் கணக்குப்படி நம் நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டோருக்குச் சர்க்கரை நோய். அவர்களில் பலர் நம்மை நம்பித்தான் பையோடு வருகிறார்கள். நம் பாக்கெட்டுகளில் 'சர்க்கரை நோயைக் குணப்படுத்தும்' என்று அச்சடித்திருந்தால் அதை எடுத்துவிடுவோம். நஞ்சு தெளிக்காதது, தீட்டாதது, இன்ன வயலில் விளைந்தது என்று போடுவோம். அது உண்மை. நம் அரிசியை விற்க அந்த உண்மை போதும்.