அலெப்போ அறையில் யார் பேசுவது?

இஸ்லாமியக் கலை அருங்காட்சியகங்கள் பண்பாடுகளை இணைக்கின்றன என்று மேட்டுக்குடி அறிவுஜீவிகள் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். தோகாவில் 2008லும் டொராண்டோவில் 2014லும் புதிதாகவே கட்டித் திறந்தார்கள். பாரீஸ் லூவரில் 2012ல் தனிக்கூடம் வந்தது. நல்லது. ஆனால் நாலு கம்பளத்தைப் பார்த்துட்டா ஒருத்தன் பக்கத்துத் தெரு முஸ்லிமைப் புரிஞ்சிக்குவானா? கம்பளத்தை ரசித்துக்கொண்டே, அதை நெய்தவனின் பேரனுக்கு வாடகைக்கு வீடு தரமாட்டேன் என்கிற ஆட்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

பெர்லின் அருங்காட்சியகத்தை எடுத்துக்கொள்வோம். நான் போனதில்லை, படித்ததுதான். 1904ல் தொடங்கியது. அங்கே இருப்பதிலேயே பெரியது முஷத்தா அரண்மனை முகப்பு. இன்றைய ஜோர்தானில் எட்டாம் நூற்றாண்டில் செதுக்கிய கல். 1903ல் ஒட்டோமான் சுல்தான் அப்துல் ஹமீது ஜெர்மன் கைசர் வில்ஹெல்முக்கு அன்பளிப்பாகத் தந்தார். சுல்தான் கொடுத்தார், கைசர் வாங்கிக்கொண்டார். அந்த மண்ணின் சனங்களை யார் கேட்டா?

இன்னொன்று அலெப்போ அறை. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிரியாவின் அலெப்போ நகரில் ஈசா இப்னு புத்ருஸ் என்ற கிறிஸ்தவத் தரகர் தன் வீட்டு வரவேற்பறைக்குப் போட்ட வண்ண மரப்பலகைகள். குழந்தையோடு மேரி இருக்கிறாள், லைலாவும் மஜ்னுவும் இருக்கிறார்கள், அரபியில் தாவீதின் சங்கீத வரிகளும் உண்டு. வருகிற வியாபாரி எந்த மதமானாலும் கூச்சமில்லாமல் உட்காரலாம். (தரகர் விவரமான ஆளு என்று என் வங்கி குமாஸ்தா புத்தி சொல்கிறது.) 1912ல் விலைக்கு வாங்கி பெர்லினுக்குக் கொண்டுபோனார்கள். நூறு வருசம் அது ஊமையாக நின்றது.

2015ல் எட்டரை லட்சத்துக்கும் மேலான அகதிகள் ஜெர்மனிக்குள் வந்தார்கள். டிரெஸ்டன் தெருக்களில் இஸ்லாமுக்கு எதிராக ஊர்வலங்கள் போய்க்கொண்டிருந்தன. அந்த வருசக் கடைசியில்தான் 'முல்தகா' தொடங்கியது. அரபியில் சந்திக்கும் இடம் என்று பொருள். சிரியா, இராக் அகதிகளுக்கே பயிற்சி கொடுத்து வழிகாட்டிகளாக்கினார்கள். கட்டணம் கிடையாது, பேச்சு அரபியில். குண்டுவீச்சில் வீடு இழந்து வந்தவர், அலெப்போ அறைக்கு முன்னால் பார்வையாளராக மட்டும் நிற்காமல் விளக்கம் சொல்பவராக நின்றார். ஜெர்மன் வரலாற்று அருங்காட்சியகமும் இதில் சேர்ந்தது. அங்கே இரண்டாம் உலகப்போரில் தரைமட்டமான ஜெர்மன் நகரங்களைப் பற்றியும் பேச்சு வந்தது. புரிதல் என்று நான் ஒப்புக்கொள்வது இதைத்தான்.

அப்போதும் ஒரு சந்தேகம் நிற்கிறது, தோழர்களே. ஊர்வலம் போனவன் உள்ளே வரவில்லையே. புரியவைக்கிற பாரத்தையும் அகதி தலையிலேயே ஏற்றுவதா?

2023 அக்டோபரில் அந்தக் கட்டடத்தைப் பழுதுபார்க்க மூடினார்கள். அருங்காட்சியகத்தை மறுபடி அமைக்கிறபோது முஷத்தா முகப்பு வந்துசேர்ந்த கதையை மறைக்காமல் எழுதிவைக்கட்டும். அதை ஒரு ஜோர்தான்காரர் வாயால், ஜெர்மன் மொழியிலேயே சொல்ல வைக்கட்டும்.