தோலும் தீட்டும் தியாகராயரும்

"விரிஞ்சை மதில் அழகு" என்று நம் ஜில்லாவில் பெருமை பேசுவார்கள். அழகுதான், நாம் மறுக்கவில்லை. ஆனால், 1947-ல் ஆலயப் பிரவேசச் சட்டம் வரும்வரை இப்படிப்பட்ட மதில்களுக்கு வெளியே நிறுத்தப்பட்ட மனிதனைப் பற்றி ஒரு பழமொழியாவது உண்டா? தோலைப் பதனிடுகிறவன் தீட்டாம்; அந்தத் தோல் போர்த்திய மத்தளம் மாத்திரம் சுவாமி முன் முழங்கலாமாம்! வேலூர் முதல் வாணியம்பாடி வரை தோல் தொழிலால் பிழைக்கும் நாம் இதை யோசிக்க வேண்டாமா?

சர். பிட்டி. தியாகராயர் (1852-1925) அவர்களும் நெசவு, தோல் வியாபாரங்களில் பொருள் ஈட்டிய குடும்பத்தவரே. அவர் நாஸ்திகரல்ல, வைதிகப் பற்றுள்ளவர். அப்படிப்பட்டவர் கோவில் கும்பாபிஷேகத்துக்குப் பதினாயிரம் ரூபாய் கொடுத்தும் மேடையில் இடம் பெறவில்லை என்றும், அவரிடம் சம்பளம் வாங்கிய பார்ப்பனர் மேடைமேல் இருந்தனர் என்றும் சொல்லப்பட்டு வருகிறது. பணத்துக்குத் தீட்டில்லை, கொடுத்த மனிதருக்குத்தான் தீட்டு!

1916-ல் டாக்டர் நாயர், டாக்டர் நடேசனார் ஆகியோருடன் தென்னிந்திய நல உரிமைச் சங்கத்தை அவர் கண்டார். 1920-ல் கட்சி ஜெயித்து, முதல் மந்திரி பதவி தேடி வந்தபோது வேண்டாமென்றார். சுப்பராயலு ரெட்டியார் அப்பதவி ஏற்றார். அதே வருஷம் தியாகராயர் தலைமையிலிருந்த சென்னை நகரசபை, ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளை ஒன்றுக்கு நாளைக்கு ஓரணாவுக்கு மிகாமல் செலவிட்டு மதிய உணவு போடத் தீர்மானித்தது. பசித்த வயிற்றில் எழுத்து ஏறாது என்று கண்ட தீர்மானம் அது.

நிற்க, குறையை மறைப்பது பகுத்தறிவாகாது. 1921 பின்னி ஆலை வேலைநிறுத்தத்தில் தொழிலாளருக்குள் ஜாதிப் பிளவு மூண்டபோது அவரது கட்சி ஆதி திராவிடரை அணைத்துக்கொள்ளத் தவறிற்று, 1923-ல் எம்.சி. ராஜா அவர்கள் கட்சியை விட்டு விலகினார். பார்ப்பனரல்லாதார் இயக்கம் கடைசி மனிதனை விட்டுவிட்டால் அது பாதி இயக்கமே.

தோழர்களே! பெரியவர் படத்துக்கு மாலை போடுவதும் ஒருவகை விக்கிரக ஆராதனைதான். வியாபாரத்திலிருந்து அரசியலுக்கு வருகிறவரைப் பார்த்து இரண்டே கேள்வி கேளுங்கள்: வந்தபின் உன் பெட்டி நிறைந்ததா, ஏழைப்பிள்ளையின் வயிறு நிறைந்ததா? தோல் மண்டியில் நிற்கிற தொழிலாளியோடு ஒரே பந்தியில் உட்கார்ந்து உண்பாயா? பதில் சொல்லத் தயங்குகிறவருக்கு வோட்டுக் கேட்க யோக்கியதை ஏது?