மலையேறினால் பிழைத்துவிடுமா?

"பறக்கிற பூச்சிதானே, கீழே சூடு கூடினால் மேலே போய்விடும்." வண்ணத்துப்பூச்சிகள் குறைகின்றன என்று ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ பேச்செடுத்தால் படித்தவர்களே இப்படித்தான் சொல்கிறார்கள். மேற்கே திரும்பினால் மலை மறித்து நிற்கிறது. அதைப் பார்த்தே வளர்ந்த நமக்கு அங்கே இடத்துக்குப் பஞ்சம் வரும் என்று தோன்றுவதில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துத் திருவண்ணாமலைக்குப் புரட்டாசி சனிக்கிழமை போனவர்களைக் கேட்டால் தெரியும். அடிவாரத்தில் எத்தனை கூட்டம் நின்றாலும் தாங்கும்; மேலே சீனிவாசப் பெருமாள் சன்னதி முன்னால் கால் வைக்க இடமிருக்காது. எந்த மலையும் ஏற ஏறச் சுருங்கத்தான் செய்யும்.

ஸ்பெயினில் இதை அளந்தே பார்த்துவிட்டார்கள். மாட்ரிட்டுக்கு அருகே குவாதர்ராமா மலைத்தொடரில் 1967-73இல் எடுத்த கணக்கை 2004இல் திரும்ப எடுத்தபோது, 16 வகை வண்ணத்துப்பூச்சிகளின் கீழ் எல்லை சராசரியாக 212 மீட்டர் மேலேறியிருந்தது. இடையில் அங்கே வெப்பம் 1.3 டிகிரி கூடியிருந்தது. "அதான் ஏறிவிட்டதே" என்பீர்கள். ஏறின. ஆனால் அவை வாழத் தோதான நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு கைவிட்டுப் போயிற்று.

நம் மலைக்கு வருவோம். ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறரை டிகிரி குறையும். ஆக, ஒரு டிகிரி சூடு கூடினால் பழைய குளிர்ச்சிக்கு 150 மீட்டராவது ஏற வேண்டும். பெரியாறு புலிகள் காப்பகத்தின் உயர்ந்த சிகரமான கோட்டைமலை 2,019 மீட்டர். 1,900 மீட்டரில் இருக்கும் ஒரு பூச்சிக்கு மிச்சமிருப்பது 119 மீட்டர்; ஒரு டிகிரிக்கே காணாது. இன்னும் உயரமான பழனி மலைக்குப் போகலாமே என்றால் நடுவில் தேனிச் சமவெளியின் வெயில் கிடக்கிறது.

சரி, ஏறிவிட்டதாகவே வைத்துக்கொள்வோம். சாப்பாட்டுக்கு என்ன செய்யும்?

வண்ணத்துப்பூச்சி என்றாலே பூவும் தேனும்தான் நமக்கு ஞாபகம் வரும். கொல்லையில் கறிவேப்பிலை இருந்தால் வெயில் ஏறுகிற நேரத்தில் கவனியுங்கள். எலுமிச்சை அழகி ஒன்று வந்து, முன்னங்காலால் இலையைத் தட்டித் தட்டிப் பார்க்கும். அதற்குக் காலில்தான் ருசி. கறிவேப்பிலைதான் என்று உறுதியானதும் வயிற்று நுனியை வளைத்து, கொழுந்தில் கடுகைவிடச் சின்னதாக ஒரு முட்டை வைத்துவிட்டு நகரும். பொரிந்து வரும் புழு முதலில் பறவை எச்சம் என்று நம்மை ஏமாற்றும். வளர்ந்தால் பச்சை, சீண்டினால் தலைப்பக்கமிருந்து கொம்பு நீட்டி நாற்றம் விடும். இந்தப் புழுவைச் செம்பருத்தி இலைமேல் விட்டால் பட்டினி கிடந்தே சாகும்.

2019இல் தமிழ்நாட்டின் மாநில வண்ணத்துப்பூச்சியாக அறிவிக்கப்பட்ட தமிழ் மறவனின் புழு நீரடிமுத்து மர இலையைத் தின்று வளர்வது. அந்த மரத்துக்கு இறக்கை கிடையாது. விதை விழுந்து, முளைத்து, மரமாகி, அதன் விதை இன்னும் கொஞ்சம் மேலே போய் விழ எத்தனை காலம் ஆகும்? பூச்சியின் ஆயுளோ சில வாரங்கள்.

அப்புறம், மேலே இடம் காலியாகவா கிடக்கிறது? மேகமலையில் 1,500 மீட்டர் உயரத்தில் தேயிலைத் தோட்டம். பழனி மலையின் புல்வெளிகளில் 1973க்கும் 2014க்கும் இடையே மூன்றில் இரண்டு பங்கு மறைந்துவிட்டதைச் செயற்கைக்கோள் படங்கள் காட்டின. அங்கெல்லாம் வாட்டில், பைன், யூகலிப்டஸ், காய்கறி வயல்கள். அந்தப் புல்வெளியை நம்பியே வாழும் பூச்சிகள் உண்டு. கொடைக்கானல் பைன் மரங்களுக்கு நடுவே நின்று 'என்ன இயற்கை!' என்று செல்ஃபி எடுப்பவர்களை நான் குறை சொல்லவில்லை. மரம் அடர்ந்திருந்தால் காடு என்றுதானே பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தோம்.

"ஐப்பசி மழைக்கு முன்னால் ஆயிரக்கணக்கில் மேற்கே பறந்து போகிறதே, எங்கே குறைந்தது?" என்று இன்னொரு கேள்வி வரும். அப்படிப் போகிறவை நீல வரியன்களும் கருப்பன்களும். பருவத்துக்குப் பருவம் இடம் மாறித் திரியும் நாடோடிகள். உச்சிப் புல்லைவிட்டு நகராத பூச்சியின் கதியை இவற்றைக் கொண்டு முடிவு செய்வது, ரயிலடிக் கூட்டத்தைப் பார்த்து ஊர் மக்கள்தொகையைச் சொல்வதற்குச் சமம்.

ஸ்ரீரங்கத்தை அடுத்த மேலூரில் 2015இல் திறந்த வண்ணத்துப்பூச்சிப் பூங்கா நல்ல காரியம். ஆனால் அதைப் போல ஊருக்கு ஒன்று வைத்தாலும் மலைப்பூச்சிக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. அதற்கு வாட்டிலை அகற்றி மீட்ட புல்வெளி வேண்டும். அடிவாரம் தொட்டு உச்சி வரை அறுபடாத காடு வேண்டும். கணக்கும் வேண்டும். எந்தப் பூச்சி எந்த உயரத்தில் என்று முன்னவர்கள் குறித்துவைத்ததால்தான் ஸ்பெயின்காரர்களால் 2004இல் வாய்திறக்க முடிந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை 2021இல் புலிகள் காப்பகமாயிற்று. புலியைத் தேடி நடக்கும் அதே தடத்தில், உயரம் குறித்துப் பூச்சியையும் வருடந்தோறும் எண்ணலாம். கூடுதல் செலவு ஒரு நோட்டும் பேனாவும், பூச்சி தெரிந்த ஓர் ஆளும்.