வார்க்காத நீர்

சிவபெருமான் அபிஷேகப் பிரியர். ஆயினும் காஞ்சிபுரத்துத் திருவேகம்பத்தில் மூலவரின் திருமேனிக்கு நீர் வார்ப்பதில்லை. பிருத்வித் தலமாகிய அங்கே இறைவன் மணல் லிங்கமாக எழுந்தருளியிருக்கிறார். அபிஷேகம் ஆவுடையாருக்கே நிகழும். லிங்கத் திருமேனிக்குப் புனுகுச் சட்டம் சாத்தப்படும். கம்பையாற்றில் வெள்ளம் பெருகி வந்தபோது, தான் பிடித்து வைத்த லிங்கம் கரைந்துவிடுமோ என்று அஞ்சிய அம்பிகை அதனை மார்போடு தழுவிக் காத்தாள் என்கிறது தலவரலாறு. அதே ஊரின் மற்றொரு புறத்தில் வரதராஜப் பெருமாள் கோயிலின் அனந்தசரஸ் திருக்குளத்தில், நீருக்கடியிலேயே நாற்பது ஆண்டுகள் பள்ளிகொண்டிருப்பவர் அத்திவரதர். 1979க்குப் பின் 2019 ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை 48 நாட்கள் தரிசனம் தந்துவிட்டு மீண்டும் நீருக்குள் சென்றார். அத்தி மரத் திருமேனிக்கு நீர். மணல் திருமேனிக்கு நீரின்மை. இரண்டையும் சேவித்துப் பழகியவர்கள் காஞ்சி மக்கள்.

இத்தகைய ஊரிலும் சன்னலோரத்துச் சிறு தொட்டிக் கள்ளிகள் நீர் மிகுந்தே மடிகின்றன.

இப்போது இச்செடி இல்லாத வீடு குறைவு. திருமணத்தில் தாம்பூலப் பைக்கு மாற்றாகத் தருகிறார்கள். பிறந்தநாள் பரிசாக வருகிறது. வேலை நிமித்தம் வெளியூர் செல்லும் மகனோ மகளோ மேசையில் வைத்திருந்ததை விட்டுச் செல்வதும் உண்டு. அப்படி விட்டுச் சென்ற செடிக்கு வீட்டில் தனி மரியாதை. காலையில் துளசி மாடத்துக்கு ஒரு செம்பு நீர் வார்க்கும் தாய், பிள்ளையின் நினைவாகக் கள்ளிக்கும் அரைக் குவளை வார்க்கிறாள். நாள் தவறுவதில்லை. மூன்று மாதங்களில் செடி அடியில் பழுத்து ஒரு பக்கமாகச் சாய்கிறது. தொலைபேசியில் அதை எப்படிச் சொல்வது என்று அவள் தயங்குகிறாள். “இன்னும் கொஞ்சம் நீர் விட்டிருக்கலாமோ” என்பதே அப்போதும் அவள் மனத்தில் எழும் ஐயம்.

துளசியின் இலைகள் பகலெல்லாம் நீரை ஆவியாக்கி வெளியேற்றுவன. அதற்கு நாள்தோறும் நீர் தகும். கள்ளியின் வாழ்முறை வேறு. அதன் இலைகளே முட்களாகிவிட்டன. தண்டுதான் உணவு சமைக்கிறது, நீரையும் சேமிக்கிறது. பகலில் தன் நுண்துளைகளை மூடிக்கொண்டு, இரவில் திறந்து காற்றை உட்கொள்ளும். வெயிலில் நீரை இழக்காதிருக்க இயற்கை வகுத்த ஏற்பாடு இது. இத்தகைய செடியின் வேர் ஈர மண்ணில் நாட்கணக்கில் மூழ்கிக் கிடந்தால் மூச்சின்றி அழுகும். அழுகிய வேரால் நீரை உறிஞ்ச இயலாது. ஆகவே மேலே உடல் சுருங்கும். சுருக்கத்தைத் தாகம் என்று எண்ணி மேலும் நீர் வார்ப்போம். பெரும்பாலான செடிகள் இப்படித்தான் போகின்றன.

முள் உள்ள செடி வீட்டுக்கு ஆகாது என்று பெரியவர்கள் சிலர் கடிந்துகொள்வார்கள். அவர்கள் மனத்தில் இருப்பது சதுரக்கள்ளி, திருகுகள்ளி முதலியன. ஒடித்தால் பால் வடியும் அவை நம் நாட்டுக் கள்ளிகள்; அப்பால் கண்ணில் பட்டால் துன்பம். தொட்டியில் வருவது பெரும்பாலும் அமெரிக்கக் கண்டத்தைத் தாயகமாகக் கொண்ட வேறொரு குடும்பம். முள் முளைக்கும் இடத்தில் பஞ்சு போன்ற சிறு திண்டு இருந்தால் இக்குடும்பம் என்று அறியலாம். அமங்கலம் என்னும் பேச்சுக்குத் தொண்டை நாட்டிலேயே விடை உண்டு. திருஞானசம்பந்தர் பாடிய திருக்கள்ளில் என்னும் தலம், கள்ளியைத் தலமரமாகக் கொண்டதால் அப்பெயர் பெற்றது என்பர். குழந்தைகளின் கைக்கு எட்டாத உயரத்தில் வைப்பதே போதிய பரிகாரம்.

இனி நீரின் கணக்கு. கள்ளி வளர்ப்பு நூல்களுள் பல குளிர்நாட்டினருக்காக எழுதப்பட்டவை. கோடையில் தாராளமாக வார்த்து, குளிர்காலத்தில் நிறுத்துக என்பன அவை. காஞ்சியில் பனிக்கட்டி உறையும் குளிர் ஏது? அங்கே குளிர்காலம் வகிக்கும் இடத்தை இங்கே அடைமழைக் காலம் வகிக்கிறது. செடிக்குக் கண்டம் சித்திரையில் இல்லை, ஐப்பசியிலும் கார்த்திகையிலும்தான்.

வெயில் ஏறும் பங்குனி முதல் வைகாசி வரை ஏழு அல்லது பத்து நாட்களுக்கு ஒரு முறை வார்க்கலாம். ஏகாம்பரநாதரின் பங்குனி உத்திரத்துக்கும் வரதரின் வைகாசி கருட சேவைக்கும் இடைப்பட்ட காலம் என்று நினைவில் கொள்வது எளிது. வார்க்கும்போது கஞ்சத்தனம் வேண்டா. அடித்துளை வழியே வழியும் வரை வார்த்து, தட்டில் தேங்கியதைக் கொட்டிவிட வேண்டும். நாள்தோறும் ஒரு கரண்டி என்பது மேல்மண்ணை மட்டும் ஈரமாக்கும். கீழ்வேருக்கு ஒன்றும் சேராது. கத்திரி வெயிலின் உச்சிப் பொழுதில் தொட்டி கொதித்திருக்கும். அப்போது வார்க்காமல் அதிகாலையிலோ பொழுது சாய்ந்த பின்னரோ வார்ப்பது நலம்.

ஆனி முதல் புரட்டாசி வரை மாலை இடிமழை வந்து போகும்; காற்றில் ஈரம் ஏறும். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை போதும். நவராத்திரிக் கொலுவில் பூங்கா அமைக்க இத்தொட்டிகளைக் கீழ்ப்படியில் வைப்பது சில வீடுகளில் வழக்கமாகி வருகிறது. அழகுதான். ஆனால் பூக்களுக்குத் தெளிக்கும் நீர் இதன் தலையிலும் விழும். ஒன்பது நாளும் வெளிச்சமும் இராது.

அடைமழை பிடித்ததும் செம்பை எடுக்கவே வேண்டா. பிள்ளையார்பாளையம் போன்ற நெசவாளர் பகுதிகளில் இக்காலத்தின் இயல்பைச் சொல்லித் தரத் தேவையில்லை. தறிக்குழியில் நீர் ஊறும். தெருவில் பாவு நீட்ட முடியாது. காற்றின் ஈரத்தை நூலே காட்டிக்கொடுக்கும். நூல் உலராத நாளில் தொட்டி மண்ணும் உலராது. மாதம் முழுவதும் நீரின்றி இருந்தாலும் சிறு கள்ளி தாங்கும். லேசாகச் சுருங்கினாலும் அஞ்ச வேண்டியதில்லை.

மண் காய்ந்ததா என்று அறிய விலை கொடுத்துக் கருவி வாங்குவது வீண் செலவு. தென்னை ஈர்க்கு ஒன்றைத் தொட்டியின் அடி வரை செருகிச் சற்று நேரம் கழித்து எடுத்தால், ஈரமும் ஒட்டிய மண்ணும் செய்தி சொல்லும். அதைவிட நுட்பமானது கை. பட்டும் சரிகையும் எடைபோட்டுத் தரப்பட்டு, சேலையாக எடைபோட்டுப் பெறப்படும் ஊர் இது. நீர் வார்த்த அன்று தொட்டியை ஒரு முறை தூக்கிப் பார்த்து, சில நாள் கழித்து மீண்டும் தூக்கினால் வேறுபாடு தெரிந்துவிடும். இறகு போல் எழுந்தால்தான் அடுத்த நீர்.

பளபளக்கும் பீங்கான் கிண்ணத்தில் துளையின்றி நட்டு விற்கிறார்கள். அதற்கு எந்தக் கணக்கும் பலிக்காது. துளையுள்ள மண்தொட்டிக்கு மாற்றி, பருமணலும் செங்கல் துண்டும் பெரும்பங்காக, மக்கிய எரு சிறுபங்காகக் கலந்து நடுவதே முறை. கால் படலாகாது என்று பூஜை நீரை இத்தொட்டியில் ஊற்றும் பழக்கமும் பெருகியிருக்கிறது. பால் கலந்த நீர் சிறு தொட்டியில் புளித்து நாறும்; எறும்பு மொய்க்கும். முற்றத்துத் தென்னைக்கோ செம்பருத்திக்கோ அதைச் சேர்க்கலாம்.

பச்சைத் தண்டின்மேல் சிவப்புப் பந்து அமர்ந்த வகைக்குத் தனிக் குறிப்பு வேண்டும். அது இரு செடிகளின் ஒட்டு. சிவப்புத் தலையில் பச்சையம் இல்லை. தானே உணவு சமைக்கத் தெரியாது. கீழ்த்தண்டு பெரும்பாலும் டிராகன் பழ இனம்; அது சுமந்து ஊட்டுகிறது. அத்தண்டு மற்ற கள்ளிகளைவிடச் சற்று விரைவில் தாகம் கொள்ளும். எவ்வளவு பேணினாலும் இவ்வொட்டுக்கு ஆயுள் குறைவு. வாடினால் வளர்த்தவர் தம்மை நொந்துகொள்ள வேண்டியதில்லை.

அடியில் மஞ்சளும் பழுப்புமாகக் குழைந்தால் அழுகல் தொடங்கிவிட்டது என்று பொருள். உடனே தூய கத்தியால் நல்ல சதை தெரியும் வரை அடியை அரிந்துவிட்டு, மேல்பகுதியை நிழலில் ஒரு வாரத்துக்குமேல் வைத்தால் வெட்டுவாய் காய்ந்து தோல் கட்டும். பிறகு உலர்ந்த மணலில் நிறுத்த வேண்டும். வேர் விடும் வரை நீர் கூடாது. பிள்ளை விட்டுச் சென்ற செடியை இவ்வழியில் மீட்டுவிடவும் கூடும்.

மார்கழிப் பனியிலும் அதே பட்டினி தொடரட்டும். பொங்கல் கழிந்து வெயில் தெளிந்ததும், தொட்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டு முதல் நீரை வார்க்கலாம். அது மழைநீராக இருந்தால் மேலும் நன்று; ஆழ்துளைக் கிணற்று உப்பு நீர் மண்மேல் வெண்படலம் விடும். அதன்பின் மாசி பிறக்கும் வரை அந்தச் சன்னலுக்குச் செம்போடு போக வேண்டிய வேலை இராது.